கலாசி சடையாண்டி ஹாஜிர்

டெல்லியில் ஒரு வருஷம் குளிர் கொஞ்சம் அதிகமாக அடித்துவிட்டது. அதன் பலனை அந்தமான் அனுபவித்தது.

நடந்தது இதுதான். அறுபத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில், ஏதோ ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் வெந்நீர் வர நேரமாகிவிட்டதாம். மனுஷர் நடுங்கிக்கொண்டே போட்ட கையெழுத்தில் ஒரு புது இலாகா பிறந்தது. ‘குடியிருப்பு வெப்பச் செம்மைப் பிரிவு’ என்று அதற்குப் பேர். அரசாங்க வீடுகளில் சூடு வீணாகாமல் பார்ப்பது, பழைய பாய்லர்களைக் கழற்றிவிட்டுப் புதிது வைப்பது, இவ்வளவுதான் வேலை. போர்ட் பிளேரும் இந்திய மண்தானே! விசிறி இல்லாமல் சோறு தின்ன முடியாத எங்கள் ஊருக்கும் கப்பலில் ஒரு பெட்டி படிவம் வந்து இறங்கியது. முதல் கேள்வி: கூரையில் பனி எத்தனை அங்குலம் படிகிறது? ‘இல்லை’ என்று எழுதினால் படிவம் செல்லாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எதற்கு வம்பு என்று குமாஸ்தாக்கள் எல்லாரும் கூடிப் பேசி, வீட்டுக்கு அரை அங்குலம் பனி என்று எழுதி அனுப்பினார்கள்.

அந்தப் படிவத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் ஜெகநாதன். கும்பகோணத்துக்காரர், மரக்கிடங்கு ஆபீஸில் கிளார்க், முப்பத்து மூன்று வயசு. அவர் வீட்டில் நிஜமாகவே ஒரு பாய்லர் இருந்தது.

ஹாடோ மேட்டில் வெள்ளைக்காரன் கட்டிய வீடு அது. எங்கள் தீவில் வருஷத்துக்கு எட்டு மாசம் மழை. சுவர் வியர்க்கும், செருப்புக்குள் காளான் முளைக்கும், பெட்டிக்குள் வைத்த கல்யாணப் புடவையில் பாசி பிடிக்கும். அந்த ஈரத்துக்குப் பயந்து ஒரு துரை வீட்டின் பின்கட்டில் பெரிய இரும்பு பாய்லர் ஒன்றை வைத்து, அதிலிருந்து சுவர் நெடுகக் குழாய் ஓட்டி வெந்நீரைச் சுற்றவிட்டிருந்தான். துரை போய்விட்டான். பாய்லர் மட்டும் நோய்கண்ட எருமை மாதிரி பின்கட்டிலேயே படுத்துக் கிடந்தது. வண்டி வண்டியாக விறகு தின்றது. தின்றதற்குச் சூடு தந்ததா என்றால் அதுவும் இல்லை. வெடிப்பு வழியாகப் புகையை மட்டும் வீட்டுக்குள் அனுப்பியது.

ஜெகநாதனுக்கு வசந்தா என்று ஐந்து வயசு மகள். அவளுக்கு இளைப்பு. பாய்லரை அணைத்தால் ஈரத்தில் மூச்சுத் திணறும், மூட்டினால் புகையில் திணறும். ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “உலர்ந்த, வெதுவெதுப்பான அறை வேணும். இல்லேன்னா அடுத்த மழைக்காலத்தை இந்தக் குழந்தை தாண்டாது.” வேறு வீட்டுக்கு மாற வேண்டுமென்றால் பதினோரு வருஷம் காத்திருக்க வேண்டும். பிறகு எப்படிச் சிரிப்பார்? விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினார்.

வெப்பச் செம்மைப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா ஜம்புலிங்கம். கம்பளி மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்வை ஓட உட்கார்ந்திருந்தார். இலாகா உடுப்பு அது. கழற்ற விதியில் இடமில்லை.

“பாய்லர் பழசாயிடுச்சு, சரி. மாத்தலாம். டீக் ஹை,” என்றார். “ஆனா முதல்ல பழசைக் கண்டம் பண்ணணும். கண்டம் பண்றதுக்கு, இது உபயோகப்படாதுன்னு பாய்லருக்கு நெருப்புப் போடற கலாசி கைநாட்டு வெக்கணும்.”

“கலாசின்னு யாரும் இல்லையே சார். நான்தான் விறகு போடறேன்.”

“நீங்க எப்படிப் போடலாம்? கலாசி இருக்கானே.” ஜம்புலிங்கம் ரெஜிஸ்டரைத் திறந்து விரலை வைத்தார். “சடையாண்டி. முப்பத்தஞ்சுலேர்ந்து டியூட்டில இருக்கான். ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. பாருங்க, இன்னைக்கும் வந்திருக்கான், ஹாஜிர்.”

ஜெகநாதன் எட்டிப் பார்த்தார். அப்பா பேர், சொந்த ஊர் என்ற கட்டங்கள் காலி. வயசுக் கட்டத்தில் ஈரம் பட்டு மை கரைந்திருந்தது. ஹாஜிர், ஹாஜிர், ஹாஜிர் என்று பக்கம் பக்கமாக ஓடியது.

விவரம் பிறகு தெரிந்தது. சப்பான்காரன் காலத்தில் பழைய ரெஜிஸ்டர்கள் போய்விட்டன, பேரும் கைநாட்டும் இருந்த சில சம்பளச் சீட்டுகள் மட்டும் மிஞ்சின. சர்க்கார் திரும்பி வந்து புதிதாக எழுதியபோது, இன்னார் செத்துவிட்டார் என்று யாராவது வந்து சொன்ன பேர்களை மட்டும் அடித்தார்கள். சடையாண்டிக்கு நாதியில்லை, யாரும் வந்து சொல்லவில்லை. ஆகவே உயிரோடு இருந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு முற்றத்தில் பேர் கூப்பிடுவார்கள். “சடையாண்டி!” என்றதும் எல்லாரும் சும்மா நிற்பார்கள். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஜம்புலிங்கமே “ஹாஜிர்” என்று சொல்லி டிக் அடிப்பார்.

“எதுக்கு சார் அவ்வளவு நேரம் காத்திருக்கறீங்க?” என்று ஜெகநாதன் கேட்டார்.

“பதில் வர டைம் குடுக்கணுமில்ல?” என்றார் ஜம்புலிங்கம். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி இந்திராணியிடம் சொன்னார். அவள் ‘கண்டம்’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“யாருக்குங்க கண்டம்? ஜோசியரைப் பாத்தீங்களா?”

“அட, ஆபீஸ் பாஷைடி. உபயோகமில்லேன்னு எழுதித் தள்ளறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. பாய்லருக்குத்தான்.”

“என்ன பாஷையோ. விளக்கு வெக்கற வீட்டுல அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க.”

அந்த நேரம் சுவர்க் குழாய் இருமியது. அதை நான் எப்படிச் சொல்வது? இரும்பு சூடேறினால் நெளியும், தட்டும், முனகும், எல்லாருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. வயசான ஒரு ஆண் பிள்ளை, நெஞ்சுக் கோழையைக் கஷ்டப்பட்டு மேலே கொண்டுவந்து, முடியாமல் மறுபடி விழுங்குகிற இருமல். வசந்தாவுக்கு அது பழக்கம். அவள் இருமினால் குழாய் இருமும். “குழாய் மாமாவுக்கும் இளைப்பும்மா,” என்பாள்.

அபர்டீன் பஜாரில் சாமான் கடை வைத்திருந்த சேக் தாவூத் ஒருநாள் கரி அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், குழந்தை அறையில் வைத்துக்கொள்ளட்டும் என்று. கீழக்கரைக்காரர், நாற்பது வருஷமாக இங்கே இருப்பவர். அடுப்பை இறக்கி வைக்கும்போது குழாய் இருமியது. மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, இது சடையாண்டி இருமலுல்ல!”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா பாய்?”

“தெரியுமாவா? நாப்பத்து நாலுல, இந்தப் பாய்லர் பக்கத்துலயே படுத்து இருமி இருமி மௌத்தானாரு. நானும் இன்னொரு ஆளும்தான் தூக்கிட்டுப் போயி மேட்டுக்கு அந்தப் பக்கம் அடக்கினோம். கைதியா வந்த மனுஷன். தண்டனை முடிஞ்சும் ஊருக்குப் போகல. கூப்பிட ஆளில்லையாம்.”

ஜெகநாதனுக்கு உயிர் வந்தது. சாட்சி கிடைத்துவிட்டதே! மறுநாளே பாயைக் கையோடு ஆபீசுக்கு இழுத்துப் போனார். ஜம்புலிங்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அடக்கம் பண்ணீங்க. ரசீது இருக்கா?”

“சப்பான்காரன் இருக்கையில யாருங்க ரசீது குடுத்தது?”

“சரி. போறதுக்கு முன்னாடி லீவ் லெட்டர் ஏதாவது குடுத்தாரா?”

“மௌத்தாப் போன மனுஷங்க! லெட்டரு எப்படிங்க குடுப்பாரு?”

“அதான் பாய் நானும் சொல்றேன்,” என்றார் ஜம்புலிங்கம் கனிவாக. “லெட்டர் குடுக்காம எங்க ஆளு எங்கயும் போக மாட்டான். நீங்க வேற யாரையோ புதைச்சிருக்கீங்க. மனுஷன் செத்துட்டான்னு எழுதிட்டா போஸ்ட் போயிடும். போஸ்ட் போனா செக்ஷன்ல ஒரு ஆள் கம்மி. ஒரு ஆள் கம்மின்னா இது செக்ஷனே இல்ல, எனக்கு இந்த நாற்காலி இல்ல. நாளைக்கு நாற்காலி இல்லாம உங்களுக்கு யாரு பாய்லர் மாத்திக் குடுப்பா? யோசிச்சுப் பேசுங்க.”

இருவரும் திரும்பி வந்தார்கள்.

மே மாசம் மெயின்லேண்டிலிருந்து நிபுணர் வந்தார். கிருஷ்ணமூர்த்தி என்று பேர், கோட்டுக்கு மேல் கோட்டு. வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் தெர்மாமீட்டரை ஒட்டவைத்துப் பார்த்தார். வியர்வையில் மூக்குக் கண்ணாடி வழுக்கி இரண்டு தடவை விழுந்தது.

“பயங்கரமான விஷயம்,” என்றார். “வெளியிலேர்ந்து அனுமதி இல்லாம சூடு உள்ள வருது. எந்தக் கணக்குலயும் வராத சூடு. இதையும் சேத்தா உங்க பாய்லர் போடற விறகுக்கு மேலயே சூடு குடுக்குது. செம்மை நூத்தி நாப்பது சதவீதம். இந்தியாவுலயே முதல் இடம். இதை எப்படி மாத்தச் சொல்றீங்க?”

“சார், சூடு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. சுவர் காயணும், புகை வரக் கூடாது. குழந்தைக்கு மூச்சு...”

“மூச்சு சுகாதார இலாகா. நாங்க வெப்பம்.” அப்போதுதான் கரி அடுப்பைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “மத்திய வெப்ப ஏற்பாடு இருக்கிற வீட்ல போட்டிச் சூடா? இதை எடுத்து சீல் வைங்க.”

பியூன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனான். இந்திராணி வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனாள். கிருஷ்ணமூர்த்தி பின்கட்டுக்குப் போய் பாய்லருக்கு முன்னால் நின்றார். உள்ளேயிருந்து அந்த இருமல் வந்தது.

“யாரது?”

“யாரும் இல்லை சார்,” என்றார் ஜெகநாதன்.

நிபுணர் குனிந்து பாய்லரின் கறுத்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெருப்பு இல்லாத வாய் அது. இரண்டு நாளாகவே யாரும் மூட்டவில்லை. அவசரமாக நோட்டில் எழுதினார்: ‘கலாசி பணியில் இருக்கக் கண்டேன். ஆரோக்கியம் சுமார்.’ அன்று மாலைக் கப்பலிலேயே ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூனில் மழை பிடித்தது. பிடித்ததென்றால் விடாப்பிடி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் வசந்தாவுக்கு உதடு நீலம் பாரித்தது. தாய் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து எலும்பு பள்ளம் விழ விழ, காற்றுக்காகக் குழந்தை எக்கியது. சுவருக்குள் குழாயும் கூடவே எக்கியது. ஒன்று நிற்கும், மற்றது தொடங்கும்.

“ஏதாவது செய்யுங்களேன்!” என்று இந்திராணி கத்தினாள். “உங்க சட்டமும் கையெழுத்தும் நாசமாப் போக. எவன் கைநாட்டு வேணுமோ வெச்சுத் தொலைங்க. எனக்கு என் பொண்ணு வேணும்!”

ஜெகநாதன் படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் ஓடினார். நேரே சேக் தாவூத் கடை. மேஜையில் இருந்த மைப்பெட்டியைத் திறந்தார். பாய் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி. ஜெயில்கூடப் பரவால்ல. செத்தவன் கையை இரவல் வாங்காதீங்க. அப்புறம் அவுங்க வந்து உங்களுதைக் கேப்பாங்க.”

“கேட்டா குடுத்துடறேன் பாய்,” என்றார் ஜெகநாதன். கட்டைவிரலை மையில் அழுத்தி, படிவத்தில் ‘கலாசி சடையாண்டி’ என்ற இடத்துக்கு மேலே வைத்தார். ரொம்ப நாளாகக் காத்திருந்த மாதிரி காகிதம் மையை உறிஞ்சிக்கொண்டது.

ஜம்புலிங்கம் பூதக் கண்ணாடி வைத்து, ரெஜிஸ்டரில் ஒட்டியிருந்த பழைய சீட்டின் ரேகையோடு ஒத்துப் பார்த்தார். ஜெகநாதன் இரண்டு கையையும் முன்னால் நீட்டாத குறையாக, விலங்குக்குத் தயாராக நின்றார்.

“அச்சு அசல்,” என்றார் ஜம்புலிங்கம். “ஒரு கோடு மாறல்ல. பாத்தீங்களா, நான் சொன்னேனே இருக்கான்னு?”

ஜெகநாதன் கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். நடுவே இடது பக்கம் ஒரு வெட்டுத் தழும்பு, பிறைபோல் வளைந்து. பழைய ரேகையிலும் அதே இடத்தில் அதே பிறை. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இருந்தது. எப்போது பட்ட காயம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பாய்லர் கண்டமாயிற்று. ஆச்சரியம் பாருங்கள், உயிரோடு இருக்கிறவன் எழுதினால் எட்டு மாசம் தூங்குகிற காகிதம் செத்தவன் எழுதியதும் ஓடியது! அடுத்த கப்பலிலேயே புது பாய்லர் வந்தது. செப்டம்பர் பதினாலாம் தேதி அதை மூட்டினார்கள். புகை ஒரு இழைகூட இல்லை. மூன்றாம் நாள் சுவர் காய்ந்தது. வசந்தா தலைகாணி உயரம் இல்லாமல் மல்லாந்து படுத்து, வாயை மூடி மூச்சு விட்டுத் தூங்கினாள். இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்கள் சத்தமே போடவில்லை. அந்த இருமல் எங்கேயோ போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஜம்புலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார்.

“கலாசியோட குவார்ட்டர்ஸ்ல நீங்க எப்படி இருக்கீங்க? பாய்லர் இருக்கிற வீடு கலாசிக்குத்தான். இத்தனை நாள் அவன் கேக்கல்ல, விட்டோம். இப்பத்தான் கைநாட்டு வெச்சு வாயத் திறந்துட்டானே.”

“சார், உங்களுக்கே தெரியும்... அந்த வீட்டை விட்டா என் குழந்தை பிழைக்காது.”

“தெரியும். அதனாலதான் நல்லவிதமா முடிக்கறேன். வீட்டுக்குள்ள போய் வர்றது ஒரே ஆளுன்னு ரிப்போர்ட் இருக்கு. ரேகையும் ஒண்ணு, அன்னைக்கு உங்க விரலை நானும்தான் பாத்தேன். அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தன் போலி. சடையாண்டிக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். உங்களுக்கு ஆறு. நீங்களே சொல்லுங்க, யாரை நம்பறது?”

ஜெகநாதன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“போலின்னு எழுதினா கேஸு, ஜெயிலு. எனக்கும் பெண் குழந்தை இருக்கு, நான் அப்படி எழுத மாட்டேன். பேரை அடிக்கறதுக்கு இந்தப் படிவத்துல மூணு காரணம்தான் இருக்கு. ஓய்வு. உங்களுக்கு வயசாகல்ல. ராஜினாமா. அதுக்கு மூணு மாச நோட்டீஸ், அதுவரை வீட்டைக் காலி பண்ணிட்டு வெளியில இருக்கணும். மூணாவதுக்கு நோட்டீஸ் வேண்டாம்.” பேனாவைத் திறந்தார். “உங்க நல்லதுக்குத்தான்.”

மறுநாள் காலை முற்றத்தில் பேர் கூப்பிட்டார்கள். “சடையாண்டி!” என்றதும் வழக்கம்போல் எல்லாரும் சும்மா நின்றார்கள். மழை பெய்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் “ஹாஜிர்” என்றது. ஜம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிம்மதியாக டிக் அடித்தார்.

இதோடு விட்டார்களா? விடவில்லை. அடுத்த வாரம் இந்திராணிக்கு ஓலை வந்தது. காலஞ்சென்ற குமாஸ்தாவின் மனைவி, உறவில்லாத ஒரு கலாசியோடு ஒரே குவார்ட்டர்ஸில் வசிப்பது நன்னடத்தை விதிகளுக்கு விரோதம். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்யவும், அல்லது திருமணச் சான்று காட்டவும்.

இந்திராணி அதைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“சரி. எத்தனை தடவை கட்டச் சொன்னாலும் உங்களைத்தானே கட்டப் போறேன். அங்க போயி உளறிடாதீங்க. பேரு என்னன்னு கேட்டா சடையாண்டின்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?”

ஏழு நாளும் சொல்லிக் கொடுத்தாள். ஏழு நாளும் அவர் தடுமாறி, “ஜெக...” என்று தொடங்கித் திருத்திக்கொண்டார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ரிஜிஸ்தார் ஆபீஸுக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். மேடேறும்போது வசந்தா ஓடினாள். அந்தக் குழந்தை ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. சாட்சிக்கு சேக் தாவூத் வந்திருந்தார். மாப்பிள்ளை உயிரோடிருக்கும் இன்ன ஆள்தான் என்று, இருபது வருஷத்துக்கு முன்னால் அடக்கம் செய்த அதே கையால் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது வாய்க்குள் ஏதோ ஓதினார்.

“முதல் புருஷன் பேரு?” என்றார் ரிஜிஸ்தார்.

“ஜெகநாதன்,” என்றாள் இந்திராணி.

“இப்ப?”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் அவர் கட்டிய தாலி கிடந்தது. பக்கத்தில் குழந்தை இழுப்பில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

“செத்துப் போயிட்டார்.”

“எப்போ?”

“என் பொண்ணுக்கு மூச்சு திரும்பின அன்னைக்கு.”

“தேதி சொல்லணும்மா.”

“செப்டம்பர் பதினாலு.”

ரிஜிஸ்தார் எழுதிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “பேரு?”

இந்திராணி அவர் வாயையே பார்த்தாள்.

“சடையாண்டி.” கொஞ்சமும் தடுமாறவில்லை.

“அப்பா பேரு?”

அதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. ரெஜிஸ்டரிலும் இல்லை. எதையாவது சொல்லிவைக்கலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்.

“பெரியகருப்பன். கமுதிக்கு மேக்க, ஆவாரங்குளம். நாங்க அண்ணந்தம்பி மூணு பேரு, நான் நடுவுலவன். முப்பத்தொண்ணுல ஆடி மாசம் கப்பல் ஏத்துனாக. ஆத்தா கடக்கரை வரைக்கும் வந்துச்சு. போலீசு கிட்டக்க விடல.”

கும்பகோணத்துப் பேச்சில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை. ரிஜிஸ்தார் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். சேக் தாவூத் எழுந்து வெளியே போய்விட்டார்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்,” என்றார் ரிஜிஸ்தார்.

இந்திராணி போட்டாள். வாசலுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போதுங்க, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போகலாம், வாங்க,” என்றாள்.

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வழிவிடுவதுபோல் மரியாதையாக ஒரு எட்டு ஒதுங்கி நின்றார்.

“பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நீங்க முன்னால போங்க தாயி,” என்றார். “நான் பின்னாடியே வாரேன்.”